பேசாமல் மல்லாட்டை உடைத்தவர்கள்

மல்லாட்டை உடைக்கிற பெண்கள் வாய் மூடி இருந்து நான் பார்த்ததே இல்லை. கை பாட்டுக்கு உடைக்கும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர். விதைக்கு வைக்கிறதைக் கையால்தான் உடைப்போம். மிஷினில் போட்டால் பருப்பு அடிபட்டு முளைக்காது. அந்தக் காலம் வந்துவிட்டால் தெருக்கோடி வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அன்றைக்கு உச்சி வெயிலில் எங்கள் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பேச்சு இல்லை. ஓடு நொறுங்குகிற சத்தம்கூட இல்லை. குனிந்த தலையோடு விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குவியலும் இல்லை, தோலும் இல்லை. உடைத்ததெல்லாம் எங்கே போகிறது என்று பார்த்தேன். தெரியவில்லை. ஓரத்தில் ஒருத்தி பச்சைச் சேலை கட்டி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதுகை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

"யாரும்மா நீங்க? யார் வரச் சொன்னது?" என்றேன்.

ஒருத்தியும் நிமிரவில்லை. அப்போது என் கை தானாக ஒரு துள்ளு துள்ளியது. பிடித்திருந்த டம்ளர் எகிறிப் போய் விழுந்தது. சத்தம் கேட்டு உள்ளே இருந்து என் ஓரகத்தி ஓடி வந்தாள். நான் குனிந்து டம்ளரை எடுத்து நிமிர்ந்தபோது சிமெண்டு வாசல் காலியாக, வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. அந்த வருஷம் நிலத்தில் மல்லாட்டைச் செடி இன்னும் பூவே விட்டிருக்கவில்லை.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், பஸ் ரோட்டிலிருந்து சற்று உள்ளே எங்கள் வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தோம் நாங்கள் இருவரும். அவள் மூத்தவள். ஆண்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் பிள்ளை மெட்ராஸில், என் பெண் வானூர்ப் பக்கம். வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கடைக்காரர் ஏதாவது கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவேன். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அதனால் இத்தனை வருஷம் ஒரு குறையும் தெரியவில்லை.

என் இரண்டு முழங்காலும் தேய்ந்து போனவை. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. சர்க்கரையும் இருக்கிறது. ரொம்ப நாளாக எங்கள் ஊர் மெடிக்கலில் "செட்" வாங்கித்தான் காலம் ஓட்டினேன். "மூட்டு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பொடிசாக ஒன்று, மூன்றையும் சேர்த்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் கால் சொன்னபடி கேட்கும். பிறகு ஒரு நாள் முகமும் பாதமும் வீங்கி, என் பெண் விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது என்றார்கள். சர்க்கரை பாதி காரணம், அந்தச் செட் மாத்திரை பாதி காரணம்.

"இனிமே செட் கிட்டயே போகக் கூடாது. வலி ஊசியும் போட்டுக்கக் கூடாது. மிச்சம் இருக்கிற கிட்னியைக் காப்பாத்திக்கணும். இதுவும் போச்சுன்னா ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்தாம்மா" என்று அங்கிருந்த பெண் டாக்டர் சொன்னார்.

மிஷின் போடுகிற அறையை அன்றைக்கே கதவு வழியாகப் பார்த்துவிட்டேன். வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவர் ரத்தமும் குழாய் வழியே வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடாமல், எதையும் பார்க்காமல் படுத்திருந்தார்கள். அந்தக் கட்டிலுக்கு நான் போகக் கூடாது என்று அப்போதே வேண்டிக்கொண்டேன். காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரையை அளவோடு போட்டுக்கொள்ளலாம், வெந்நீர்ப் பை வைக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லாம் செய்தேன். ஆனாலும் விடியும்போது முழங்காலுக்குள் யாரோ மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கும்.

என் ஓரகத்திக்கு வேறு வலி. ஒரு கோடையில் அவள் முதுகில் அக்கி வந்தது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்தாள். கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, எரிச்சல் மட்டும் போகவில்லை. ரவிக்கை பட்டால் தீ பட்ட மாதிரி துடிப்பாள். ஒரு தோல் டாக்டர் நரம்புக்கு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் போட்டுவிட்டுத் திரும்பி வரச் சொன்னாராம். இவள் திரும்பிப் போகவே இல்லை. அதே சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கால் வலிக்கு இவளும் செட் போடுவாள். "எனக்கு சக்கரை இல்ல, ஒண்ணும் ஆவாது" என்பாள்.

நான் ஒரு காலையில் வலியில் அழுதேன். அவள் தன் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"இந்தாடி, இதைப் போடு."

"டாக்டர் திட்டுவாங்கக்கா."

"அவங்க வலி மாத்திரைதானே வேணாம்னாங்க? இது நரம்பு மாத்திரைடி. நரம்புக்கும் கிட்னிக்கும் இன்னா சம்பந்தம்? இது மெடிக்கல் செட்டு இல்ல. டாக்டரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது."

சரியாகத்தான் பட்டது. அவள் மூன்று வேளை போடுவாள், நானும் மூன்று வேளை போட்டேன். முதல் இரண்டு நாள் தூக்கம் தூக்கமாக வந்தது, வலி குறைந்தது. நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு பேசும்போது நாக்கு தடித்த மாதிரி ஆயிற்று. சாதம் பிசையும்போது கை துள்ளி, பருக்கை சுவரில் போய் ஒட்டியது. அப்புறம்தான் வாசலில் அவர்கள் வந்தார்கள்.

அதற்குப் பிறகு தினம் வந்தார்கள். இருட்டில் வந்திருந்தால்கூடச் சாமி பேரைச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அவர்கள் நல்ல வெளிச்சத்தில் வந்தார்கள். வெயில் ஏற ஏற அவர்கள் தெளிவாகத் தெரிந்தார்கள். சேலைக்கரை, நரைமுடி, விரல் நகத்தில் ஒட்டியிருக்கிற செம்மண் வரைக்கும் தெரிந்தது. நிழல் மட்டும் விழவில்லை. ஒரு நாள் வாசலைவிட்டு உள்ளே வந்து, சமையல்கட்டுச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக வேண்டும். புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனேன். பச்சைச் சேலைக்காரி அப்போதும் எனக்கு முதுகுதான் காட்டினாள். அவள் திரும்பிவிடப் போகிறாள் என்பதுதான் என் பயமெல்லாம். எதனால் அப்படிப் பயந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

எதிர் வீட்டுக்காரி வந்து பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துப் புடவையை ஒதுக்குவதையும் என் கை வெட்டி வெட்டி இழுப்பதையும் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"உச்சி வேளையில தலைய விரிச்சிப் போட்டுகினு வெளிய நின்னியா? இது வேற வேலைடி யம்மா. கோட்டக்குப்பம் பள்ளிவாசல்ல ஓதி ஊதுவாங்க, ஜல்தியா இட்டுனு போங்க."

"நீ உன் வூட்டு வேலையப் பாரு. அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது" என்றாள் என் ஓரகத்தி.

"ஒண்ணும் பண்ணாதா? இன்னாத்த கண்ட நீ?"

"வந்தா வந்துட்டுப் போவும். உனக்கு இன்னா பேஜாரு?"

தும்மலுக்கே திருநீறு பூசுகிறவள் அவள். அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்க எனக்குப் புத்தி தெளிவாக இல்லை.

எதிர் வீட்டுக்காரி போன் போட்டு என் பெண்ணை வரவழைத்துவிட்டாள். அவள் வந்தபோது நான் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தேனாம். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ஓதறது அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல விழுப்புரம்" என்றாள்.

"தண்ணி ஓதிக் குடுத்தா வழியிலேயே குடிக்கலாமே" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"அக்கா, அம்மாவுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோதான் தண்ணின்னு கணக்கு இருக்கு. நீங்க சும்மா இருங்க."

ஆஸ்பத்திரியில் அதே பெண் டாக்டர்தான். "ரெண்டு கையையும் முன்னால நீட்டி, வண்டியை நிறுத்தச் சொல்ற மாதிரி உள்ளங்கையைக் காட்டுங்கம்மா" என்றார். நீட்டினேன். இரண்டு கையும் மணிக்கட்டில் பொத்துப் பொத்தென்று விழுந்து எழுந்தன. சிறகு ஒடிந்த கோழி அடித்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அவை என் கைகளாகவே தெரியவில்லை. எட்ட நின்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புதுசா என்ன மாத்திரை போட்டீங்க?"

தலையை ஆட்டினேன். ஒன்றுமில்லை என்று. ஓரகத்தியை மாட்டிவிட மனசு வரவில்லை. என் பெண் என் ரவிக்கைக்குள் கைவிட்டு மணிபர்ஸை எடுத்துத் திறந்தாள். மத்தியானத்துக்கு என்று வைத்திருந்த மாத்திரை உள்ளே இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது கெட்ட மருந்து இல்லம்மா. ஆனா இது வெளியே போறதுக்கு கிட்னி மட்டும்தான் வழி. உங்க கிட்னி அந்த வேகத்துக்கு வெளியே தள்ளாது. இன்னிக்குப் போட்டது போறதுக்குள்ள நாளைக்குப் போட்டது சேரும். அப்படியே உடம்புல தேங்கி மூளைக்கு ஏறிடுச்சு. கண்ணுக்கு ஏதாவது தெரியுதா?"

என் பெண் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பொம்பளைங்க" என்று மட்டும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். மருந்தை நிறுத்திப் பார்ப்போம், இறங்கவில்லை என்றால் மிஷினில் ஒரு தடவை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று என் பெண்ணிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாள் பகலில், பார்க்க வருகிறவர்கள் நேரத்தில், வார்டு நிறைய ஆள் நடமாடும்போது அவர்களும் வந்தார்கள். கட்டிலுக்குக் கீழே, தரையில், மனிதர்களின் கால்களுக்கு நடுவே உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை மிதிக்கவில்லை, யாரும் அவர்களைப் பார்க்கவும் இல்லை. சாயங்காலம் ஆக ஆக, துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி அவர்கள் மங்கிக்கொண்டு வந்தார்கள். பச்சை கடைசி வரைக்கும் இருந்தது. மறுநாள் அதுவும் இல்லை. கையை நீட்டச் சொன்னார்கள், விழவில்லை. மிஷின் வேண்டாம் என்றார்கள். உப்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, மெதுவாக இறங்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். முழங்கால் வலி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து காத்திருந்தது.

ஊர் வந்து சேர்ந்த சில நாளில், என் ஓரகத்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரை என் கிட்னிக்கு ஆகாது என்பதால் அவளுக்கு மட்டும். நான் நாற்காலியில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருந்தேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஏண்டி, அந்த ஓரத்துல குந்திகினு இருந்தவ, பச்சைச் சீலைக்காரி. உன் பக்கம் திரும்பினாளா?"

பொம்பளைங்க என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். பச்சைச் சேலையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"கேட்டதுக்குச் சொல்லேன்."

"திரும்பல."

"எனக்கும் திரும்பல" என்றாள். உருவிய காம்பை ஓரமாகப் போட்டாள். "போன பொங்கல்லேருந்து வர்றாளுங்க. மொதல்ல எனக்கும் ஈரக்கொலை நடுங்குச்சி. அப்புறம் பழகிப்போச்சு. அதுங்க பாட்டுக்கு வேலை செய்யுதுங்க. சோறா கேக்குதுங்க?"

மயக்கத்தில் நானே பச்சைச் சேலையைப் பற்றி உளறியிருக்கலாம் என்று நினைத்து, பிறகு என் பெண்ணைக் கேட்டேன். அப்படி எதுவும் சொல்லவில்லை என்றாள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நான் பயந்தது அந்தச் சேலைக்கு அல்ல. எனக்கு அவர்கள் தெரிந்தது கிட்னி மருந்தை வெளியே தள்ளாததால் என்று டாக்டர் சொன்னார். அப்படியென்றால் இவளுக்கு?

"அக்கா, உன் ரத்தத்தையும் பாக்கணும்."

"எதுக்கு? நீ சக்கரைக்காரி. நான் இரும்பு."

"இரும்பு எதுக்குக்கா இல்லாததைப் பாக்குது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை எதிர்த்துப் பேசினேன் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தாள்.

"அடியே, வாய் வந்துடுச்சே உனக்கு! ஆஸ்பத்திரித் தண்ணி வேலை செய்யுது. நீ பேசாம இரு. டாக்டர் கையில சிக்கினா மாத்திரைய நிறுத்திடுவாங்க. என் முதுகு எரியறது உனக்கா தெரியும்? என் புள்ளைக்குத் தெரிஞ்சா பைத்தியம்னு மெட்ராஸுக்கு இட்டுனு போய் ஒரு ரூமுல போட்டுப் பூட்டிடுவான்."

எனக்கு மேற்கொண்டு பேசத் தெரியவில்லை. அதனால் "கையை நீட்டு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"நீட்டுக்கா. பஸ்ஸ நிறுத்தற மாதிரி."

விளையாட்டாக நீட்டினாள். கீரை ஒட்டிய விரல்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. பிறகு வலது கை பொத்தென்று விழுந்து எழுந்தது, அதன் பின்னால் இடது கை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. கையை மடியில் அடக்கப் பார்த்தாள். அது அடங்கவில்லை. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் தலையைத் திருப்பி வெளியே ஒரு தடவை பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அங்க இருக்காங்களாக்கா?"

கீரையை ஓரமாகத் தள்ளினாள். "விழுப்புரத்துக்கு எந்த பஸ்ஸு?" என்று கேட்டாள்.

விழுப்புரத்தில் அவளுடைய ரத்தம் பார்த்தார்கள். அவள் கிட்னி என்னுடையதைவிட மோசமாக இருந்தது. எத்தனையோ வருஷத்துச் செட் மாத்திரை, பார்க்காமல் விட்ட பிரஷர். அக்கி வந்தபோது நன்றாகத்தான் இருந்திருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு, மருந்து தேங்க ஆரம்பித்திருக்கும் என்றார் டாக்டர். என் ஓரகத்தி சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பதிலாகப் பேசிப் பேசிப் பழகிய வாய், அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. நான்தான் கேட்டேன்.

"மாத்திரைய நிறுத்திடுவீங்களா டாக்டரம்மா? முதுகு எரிச்சலை அவங்க தாங்க மாட்டாங்க."

"ரொம்ப நாளா போட்டிருக்காங்க. சட்டுனு மொத்தமா நிறுத்துறது சரியில்ல. இப்ப ரெண்டு நாள் இங்கேயே வெச்சுப் பாக்கறேன். அப்புறம் அவங்க கிட்னி தாங்கற அளவுக்குக் கொறைச்சுக் குடுக்கறேன். முதுகுக்கு மரத்துப்போற களிம்பு தர்றேன். செட் மட்டும் இன்னியோட முடிஞ்சுது. என்ன மாத்திரையா இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்தா கூட, எனக்குக் காட்டாம வாயில போடாதீங்க." பிறகு என்னைப் பார்த்து, "வலியைச் சுத்தமா எடுத்துடறேன்னு நான் சொல்ல மாட்டேம்மா. ரெண்டு பேருக்கும் தாங்கற அளவுக்குக் கொறைக்கலாம். கிட்னியைக் காப்பாத்திக்கிட்டே கொறைக்கணும், அதனாலதான் மெதுவா ஆகுது" என்றார்.

பிறகு எங்கள் வீட்டில் வலிக்கு ஒரு நடைமுறை வந்தது. எனக்குச் சூடு, அவளுக்கு ஈரத்துணி. விடிந்ததும் நான் அவள் முதுகில் களிம்பு தடவுவேன், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத் திட்டுவாள். நான் நாற்காலியில் காலை நீட்டி மடக்கும்போது எதிரே உட்கார்ந்து, "நீட்டு, இன்னும் நீட்டு, சோத்துக்கு மட்டும் நல்லா கை நீட்டறல்ல" என்று அதட்டுவாள். எரிச்சலும் இருந்தது, மணலும் இருந்தது. முன்னைவிட மெல்லமாக.

அடுத்த முறை ரத்தம் பார்த்துவிட்டுத் திரும்பியபோது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். இரண்டு பேருக்கும் உப்பு ஏறாமல் நின்றிருக்கிறது, இப்போதைக்கு மிஷின் பேச்சு இல்லை என்று சொல்லியிருந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் என் காதோரம் குனிந்தாள்.

"பச்சைச் சீலைக்காரியும் போயிட்டாடி. நேத்தோட காணோம்."

"நல்லதுதானக்கா."

"நல்லதுதான்." கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்ப இனிமே வூட்ல நாம ரெண்டே பேருதானா?"

"ஆமாக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது உச்சி வேளை. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியவள், உள்ளே கால் வைக்காமல் நின்றாள். வெளியே வருகிற யாருக்கோ வழி விடுகிற மாதிரி ஓரமாக ஒதுங்கி, கொஞ்சம் பொறுத்து, பிறகு உள்ளே போனாள்.

நானும் ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் போனேன்.